முத்திரை விழாத தண்ணீர்

ஃபெர்கானா,
28 மார்ச் 1997

தங்கச்சி பெர்மெத்துக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். உங்கள் ஓஷ் கூட்டத்தில் தலையில் வைத்து அனுப்பிய வெள்ளைக் கம்பளித் தொப்பியை என் மனைவி ஆணியில் மாட்டிவிட்டாள். அங்கே ஏற்கெனவே மூன்று தொங்குகின்றன. "போற தடவையெல்லாம் குல்லா போட்டுத்தான் அனுப்புறாங்க, உங்களுக்கு உறைக்கவே உறைக்காதா?" என்று கேட்டாள்.

நான்கு நாட்டு மலைநீர் ஆய்வுக் கூட்டுமன்றம். பேரைச் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பனியாறு உருகிவிடும். மூன்று நாள் உட்கார்ந்தோம். ஒப்பந்தத்தை எந்த மொழியில் எழுதுவது என்பதில் இரண்டு நாள் போயிற்று, யார் முத்திரை மேலே, யார் முத்திரை கீழே என்பதில் ஒரு நாள் போயிற்று. பிறகு விருந்து. தண்ணீருக்கு எல்லை கிடையாது என்று ஆளுக்கொரு கோப்பையைத் தூக்கிப் பேசினார்கள். நானும் தூக்கினேன், பொய் சொல்வானேன்.

அந்த விருந்தில் உன் இயக்குநரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். ஆய்-கோல் ஏரியின் நீர்மட்டக் கணக்கு வேண்டும் என்றேன். அவர் விருந்தாளிக்கு மரியாதை என்று ஆட்டுத் தலையை என் முன்னால் நகர்த்தி வைத்து, "முதல்ல சாப்பிடுங்க, ஏரி எங்கயும் ஓடிப் போயிடாது" என்றார். நீ எதிரில் உட்கார்ந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

தாஷ்கென்டில் படிக்கும்போது, அண்ணன் என்று என்னை நீ 'அகா' போட்டுக் கூப்பிடத் தொடங்கிய காலத்தில், நாம் சேர்ந்து ஏறிப் பார்த்த ஏரி அது. மேலே அணை என்று இருப்பது யாரும் கட்டியது இல்லை. பனியாறு தள்ளிக்கொண்டு வந்து குவித்த கல்லும் மண்ணும், நடுவே பழைய பனிக்கட்டியும். அந்தக் கட்டி உருகினால் ஏரி மொத்தமும் கீழே வரும். உனக்கு நான் பாடம் நடத்தவில்லை. நாடு ஒன்றாக இருந்தபோது பத்து நாளுக்கொரு முறை தந்தியில் கணக்கு வந்துவிடும். இப்போது நடுவில் எல்லை வந்துவிட்டது. ஏரி உங்களுடையது, ஆறு இறங்கி வரும் போதோம்சாய் கிராமம் எங்களுடையது. அங்கே ஆற்றங்கரையில் முதல் வீடு என் அக்கா மஸ்தூராவுடையது. அவள்தான் என்னை வளர்த்தவள்.

முழுக் கணக்கு கூட வேண்டாம். அணையின் அடியில் கசிகிற தண்ணீர் தெளிவாக இருக்கிறதா, கலங்கி வருகிறதா? தெளிவென்றால் நிம்மதியாகத் தூங்குவேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் எழுது.

எர்காஷ்


ஓஷ்,
19 ஏப்ரல் 1997

எர்காஷ் அகா,

கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று ஆரம்பித்து அடித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளுங்கள், எனக்கென்ன.

நான் தட்டைப் பார்த்ததற்குக் காரணம் உண்டு. கூட்டத்துக்கு முன்னால் எங்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். நீர்க்கணக்கு அரசின் சொத்து, ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை வெளிநாட்டாரிடம் வாய் திறக்கக் கூடாது. வெளிநாட்டார் என்றால் நீங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். ஜனவரியில் எங்களுக்கு வரும் எரிவாயுக் குழாயை உங்கள் பக்கம் மூடிவிட்டார்கள். நாங்கள் மூன்றாவது மாடி. அம்மாவுக்கு மூட்டுவலி வேறு. முதலில் நாற்காலிகளை எரித்தோம். அப்புறம் சந்தையிலிருந்து சாண வறட்டி வாங்கி வந்து எரித்தோம், வீடு முழுக்கப் புகை. அப்போது இயக்குநர் கேட்டார்: "வாயுவுக்குக் காசைக் கீழ வைன்னு கேக்கிறவனுக்கு, தண்ணிக் கணக்கு மட்டும் ஓசியா?" எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஆனால் நியாயத்தோடு விஷயம் முடியவில்லை, அகா. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். நாங்கள் பூட்டி வைத்திருக்கும் பெட்டியில் ஒன்றுமே இல்லை. மேலே ஏரிக்கரைக் குடிசையில் அளவெடுத்துக்கொண்டிருந்த காவல் ஆள் சம்பளம் வராமல் இறங்கிப் போய் இரண்டு வருடம் ஆகிறது. பழைய வருடத்துக் கணக்கை அங்கே இங்கே மாற்றி எழுதி வைக்கிறார்கள். நீங்கள் கெஞ்சுவதும் நாங்கள் மறைப்பதும் அந்தப் பொய்க்காகத்தான். இதைப் படித்துவிட்டுச் சிரித்தீர்களானால் இனி உங்களோடு பேச மாட்டேன்.

ஜூலையில் பாதை திறந்ததும் விடுப்புப் போட்டுவிட்டு நானே போகிறேன். கடிதத்தைத் தபாலில் போட மாட்டேன். தர்பூசணி லாரி ஓட்டும் யூல்தாஷ் உங்கள் ஊர்க்காரர்தானே, அவர் கையில் கொடுக்கிறேன். தொலைபேசி வேண்டாம். எல்லைக்கு அப்பால் இணைப்புக் கேட்டாலே பேரை எழுதிக்கொள்கிறார்கள்.

பெர்மெத்


ஓஷ்,
13 ஜூலை 1997

எர்காஷ் அகா,

கலங்கல்.

நேரில் பார்த்தேன். பால் கலந்த தேநீர் நிறத்தில் வருகிறது. கண்ணாடிக் குப்பியில் பிடித்து வைத்தேன், அடியில் மண் படிந்தது. அணை உள்ளுக்குள் அரிக்கிறது. ஏரியும் நாம் பார்த்த காலத்தைப் போல இரண்டு பங்கு அகலம்.

இயக்குநரிடம் ஓடினேன். முகம் வெளுத்தது, அது உண்மை. பிறகு கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு, கூட்டுமன்றத்தின் அடுத்த அமர்வில் முறைப்படி வைக்கலாம் என்றார். அடுத்த அமர்வு அக்டோபரில். இப்போது சொன்னால் இரண்டு வருடக் கணக்கும் பொய் என்று வெளியே வந்துவிடும் அல்லவா? அதுதான் அவர் பயம்.

அக்காவைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்குப் போய்விடுங்கள். முடிந்தவரை எல்லோரையும் கூட்டிப் போங்கள். எப்படிச் சொல்வீர்களோ எனக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தை எரித்துவிடுங்கள். என் வேலையும் அம்மாவின் மருந்தும் இந்தக் கையெழுத்தில்தான் இருக்கின்றன.

பெர்மெத்


ஃபெர்கானா,
24 ஆகஸ்ட் 1997

தங்கச்சி,

உன் கடிதத்தை நான் எரிக்கவில்லை.

முதலில் போதோம்சாய்க்குத்தான் ஓடினேன். ஆப்ரிகாட் பழம் பறிக்கிற நாள்கள். ஆற்றோரக் கல்லெல்லாம் பழம் பிளந்து காயப் போட்டிருந்தார்கள். வருடம் முழுக்க அதுதான் சோறு. யாரும் அசையவில்லை. "யாரு சொன்னா?" என்று கேட்டார்கள். உன் பேரைச் சொல்லாமல் விழுங்கினேன். என் அக்கா, "உனக்கு வெயில் ஒத்துக்கலடா, உள்ள வந்து மோர் குடி" என்றாள்.

அப்புறம் என் அலுவலகத் தலைவரிடம் போனேன். அவர் கெட்டவர் அல்ல. "முத்திரை இருந்தா தகவல், இல்லாட்டி வதந்தி. வதந்தியை நம்பி ஊரைக் கிளப்பினா என் தலை போகும். எழுதினது யாரு, காட்டு, இப்பவே வண்டி அனுப்புறேன்" என்றார். ஒரு பக்கம் உன் வேலை. ஒரு பக்கம் அத்தனை வீடு. மேசையில் வைத்துவிட்டேன், பெர்மெத்.

சொன்னபடி வண்டிகள் வந்தன. ஊரையே மேலே கல்லறை மேட்டுக்கு ஏற்றினார்கள். மூன்று வாரம் கூடாரத்தில் கிடந்தார்கள். இரண்டு நாள் மழை பிடித்தது, கீழே பழமெல்லாம் அழுகிப் போயிற்று. வெள்ளம் மட்டும் வரவில்லை. இறங்கி வந்து வீட்டைத் திறந்த என் அக்கா சொன்னாள்: "வெள்ளம் வரலடா தம்பி, எறும்புதான் வந்திருக்கு." ஊர் சிரித்தது. பிள்ளைகள் எனக்கு வெள்ள மாமா என்று பேர் வைத்துவிட்டார்கள்.

அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். எங்கள் அலுவலகம் உன் கடிதத்தை இணைத்து, இது உங்கள் அதிகாரபூர்வத் தகவல்தானா என்று உன் இயக்குநருக்கே எழுதிக் கேட்டிருக்கிறது. நேற்றுத்தான் எனக்குத் தெரியும். நான் என்ன எழுத? உன் காலில் விழ வேண்டும் போல இருக்கிறது.

எர்காஷ்


ஓஷ்,
2 நவம்பர் 1997

எர்காஷ் அகா,

வேலை போய்விட்டது. அரசுத் தகவலை அந்நியருக்குக் கொடுத்தவள் என்று எழுதிக் கொடுத்தார்கள். சிறைக்கு அனுப்பாமல் விட்டதே பெரிய மனசு என்று இயக்குநர் சொன்னார், நானும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். பனியாற்றுப் பிரிவையே மூடிவிட்டார்கள். மேலே குடிசைக்குப் பூட்டு.

சந்தையில் சீனச் சாக்ஸ் விற்கிறேன். பக்கத்துக் கடைக்காரி முன்னால் கணித ஆசிரியை. யாரும் யாரையும் எதுவும் கேட்டுக்கொள்வதில்லை.

ஏன் உடையவில்லை என்று ஊர் உங்களைக் கேட்டிருக்கும். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உள்ளே பனிக்கட்டி இடிந்து விழுந்து வழியை அடைத்திருக்க வேண்டும். கசிவு நின்றிருந்தால் அது நல்ல சேதி இல்லை, தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். இதை உங்கள் ஊரில் சொல்லிப் பாருங்கள், இன்னும் சிரிப்பார்கள்.

உங்கள்மேல் கோபமா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதை மேசையில்தான் வைத்திருப்பேன். அதனால்தான் கோபம் ஆற மாட்டேன் என்கிறது. யாரைத் திட்டுவது?

இனி எழுத வேண்டாம்.

பெர்மெத்


ஃபெர்கானா,
30 மே 1998

தங்கச்சி பெர்மெத்துக்கு,

எழுத வேண்டாம் என்றாய். குளிர்காலம் முழுக்க யூல்தாஷ் கையில் கொடுத்தனுப்பினேன், "வாங்கிக்கிறாங்க, பதில் இல்லைன்னு சொல்றாங்க" என்று வந்து சொல்லுவார். வாங்கிக்கொள்கிறாயே, அது போதும் என்று இதையும் எழுதுகிறேன்.

கூட்டுமன்றம் இந்த முறை தாஷ்கென்டில் கூடியது. உன் நாற்காலியில் ஓர் இளைஞன், நல்ல கோட்டு. ஆய்-கோலின் நீர்மட்டம் என்று வண்ணவண்ணக் கோடுகளாகத் திரையில் காட்டினான். கை தட்டினார்கள். வெளியே வந்ததும் அவனைப் பிடித்து, ஏரியை எப்போது பார்த்தாய் என்று கேட்டேன். படத்தில் பார்த்திருக்கிறேன் என்றான் பாவம். ஒப்பந்தத்தில் முத்திரைச் சண்டை தீர்ந்துவிட்டது, இப்போது தகவல் என்ற சொல்லுக்கு என்ன விளக்கம் எழுதுவது என்பதில் நிற்கிறது.

பனி இந்த வருடம் அதிகம், சூடும் சீக்கிரம் வந்துவிட்டது. மேலே யாராவது போகிறார்களா? மேய்ச்சலுக்கு ஏறும் ஆட்டுக்காரர்களிடமாவது கேட்டுச் சொல்லேன். எனக்காக வேண்டாம்.

எர்காஷ்


ஆய்-கோல் அடிவாரம்,
16 ஜூலை 1998

அகா,

சாக்ஸ் சுற்றி வந்த தாளில் எழுதுகிறேன், வேறு இல்லை. கடையை ஆசிரியையிடம் விட்டுவிட்டு ஏறி வந்தேன். கசிவு திறந்துவிட்டது. சேறாகக் கொட்டுகிறது, உள்ளே பனிக்கட்டித் துண்டு உருண்டு வருகிறது. அணையின் நடுவில் மண் உட்கார்ந்துவிட்டது. இது வாரக்கணக்கு இல்லை, நாள்கணக்கு.

மேய்ச்சல்காரர் ஒருவர் குதிரையில் இறங்கி யூல்தாஷிடம் இதைச் சேர்ப்பார். என் பேரைச் சொல்லுங்கள், யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள். இழப்பதற்கு என்னிடம் இனி சாக்ஸ்தான் இருக்கிறது. போங்கள்.

பெர்மெத்


ஃபெர்கானா,
2 ஆகஸ்ட் 1998

பெர்மெத்,

செய்தி உனக்கு வந்திருக்கும். ஆனாலும் நான் சொல்லித்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

உன் தாள் பதினெட்டாம் தேதி காலையில் கிடைத்தது. நேரே தலைவரிடம் ஓடினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போன வருஷமாவது அவங்க உத்தியோகத்துல இருந்தாங்க. இப்ப இவங்க யாரு, எர்காஷ்? சந்தையில சாக்ஸ் விக்கிறவங்க" என்றார். கண்ணில் பயம் இருந்தது. வண்டி மட்டும் தரவில்லை.

கிராமத்துக்கு நானே போனேன். அன்று அங்கே கல்யாணம். பக்கத்து ஊரிலிருந்து மணப்பெண் வர வேண்டிய நேரம். ஆற்றங்கரைத் தேநீர்க் கடையில் ஆண்கள் பெரிய அண்டாவில் புலாவ் கிண்டிக்கொண்டிருந்தார்கள். வாய் திறப்பதற்குள், "வாங்க வெள்ள மாமா, நீச்சல் தெரியுமா?" என்று ஆரம்பித்துவிட்டார்கள். வீடு வீடாக ஏறினேன். கெஞ்சினேன், திட்டினேன், அழுதும் பார்த்தேன். கல்யாண நாளில் அழுகிறானே, அபசகுனம் என்று ஒருவர் என் தோளைப் பிடித்து வெளியே விட்டார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. மரத்தடியில் கர்னாய் ஊதுகிறவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்த நீளப் பித்தளை எக்காளம் சத்தம் கேட்டால் எங்கள் பக்கம் எந்தப் பிள்ளையும் வீட்டில் நிற்காது. பெண் மேல்பாதை வழியாக வருகிறாள், கல்லறை மேட்டுக்கு வந்து ஊதுங்கள் என்று பொய் சொல்லி அவர்களை மேலே இழுத்துக்கொண்டு போனேன். ஊதினார்கள். பெர்மெத், ஊரே வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு ஏறி வந்தது. மணப்பெண்ணை மறித்துப் பரிசு வாங்கக் கயிற்றோடு பையன்கள், புது உடுப்போடு சின்னப் பெண்கள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

கூட்டத்தில் தாய்மார் ஒருவரும் இல்லை. பார்த்த பிறகுதான் உறைத்தது. எக்காளம் ஊதினால் பிள்ளைகள் சத்தத்தைப் பார்த்து ஓடும். வீட்டுப் பெண்கள் அடுப்பைப் பார்த்து ஓடுவார்கள். பெண் வருகிற நேரத்தில் வீட்டுக்கு வீடு விரிப்புப் போட்டு ரொட்டி வைத்து வாசலில் நிற்க வேண்டுமே. ஆண்கள் அண்டாவை இறக்கப் போவார்கள். இது எங்களில் மூன்று வயசுப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? ஊதச் சொன்ன நேரத்தில் ஞாபகம் வரவில்லை. இன்னும் அவசரமாக அவர்களை வீட்டுக்குள் விரட்டினது நான்தான்.

திரும்பக் கீழே ஓடினேன். அக்கா வீட்டுச் சுவரோரம் நின்று மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கையெல்லாம் மாவு. கையைப் பிடித்து இழுத்தேன். "பொண்ணு வர்ற நேரத்துல வீட்டுல ஒரு பொம்பள இல்லாம இருக்கலாமாடா? நீ போ, நான் ரொட்டியை எடுத்துட்டு வர்றேன்" என்றாள். கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனாள். மலைப்பக்கம் சத்தம் கேட்டது. நான் ஓடினேன். அவளைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை, நான் மட்டும் ஓடினேன்.

பழுப்பாக, மரங்களோடு வந்தது. தண்ணீர் என்றே சொல்ல முடியாது. மேட்டிலிருந்து பிள்ளைகள் எல்லோரும் பார்த்தார்கள். எக்காளக்காரர்கள் ஊதுவதை நிறுத்திவிட்டார்கள். ஒரு சின்னப் பெண் என் சட்டையைப் பிடித்து, "மாமா, இன்னும் ஊதச் சொல்லுங்க, அம்மாவுக்குக் கேக்கல போல" என்றாள்.

பிள்ளைகளைக் காப்பாற்றிய மனிதன் என்று செய்தித்தாளில் என் படம் போட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு ராத்திரி யார் சோறு போடுவது என்று ஒரு ஆளும் என்னிடம் கேட்கவில்லை.

எர்காஷ்


ஓஷ்,
27 ஆகஸ்ட் 1998

எர்காஷ் அகா,

இறந்தவர்களுக்கு ஓதும் நாற்பதாம் நாளுக்காவது வரலாம் என்று புறப்பட்டேன். எல்லையை மூடியிருக்கிறார்கள், இந்தப் பக்கத்து ஆட்களைக் கண்டால் உங்கள் ஆட்களுக்கு ஆத்திரம் வருமாம், பாதுகாப்புக்காகவாம். தடுப்புக் கட்டையருகே நின்றேன். உங்கள் அக்காவுக்காக அங்கேயே ஓதிவிட்டுத் திரும்பி வந்தேன். சிப்பாய்ப் பையன் தொப்பியைக் கழற்றிக்கொண்டான்.

நீங்கள் ஊதச் சொன்னது தப்பு இல்லை என்று எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆறுதல் எழுதத் தெரியவில்லை. நான் போன வருடம் மார்ச்சில் அந்த விருந்து மேசையிலேயே எழுந்து, எங்களிடம் கணக்கே இல்லை என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தால் என்று யோசிக்கிறேன். பிறகு, சொல்லியிருந்தாலும் என்னைத்தான் வெளியே அனுப்பியிருப்பார்கள் என்று தோன்றுகிறது. அப்படித் தோன்றும்போது சாக்ஸ்களை நிறம் பிரித்து அடுக்குகிறேன்.

அந்தப் பெண் குழந்தை யாரிடம் இருக்கிறது?

பெர்மெத்


ஃபெர்கானா,
5 டிசம்பர் 1998

தங்கச்சி பெர்மெத்துக்கு,

அவள் எங்களிடம்தான் இருக்கிறாள். அவள் பேர் ஒய்தின். என் மனைவியோடு ஒட்டிக்கொண்டாள், என்னிடம் வர மாட்டாள். கல்யாண ஊர்வலம் தெருவில் போனால் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள்.

உனக்கு ஒரு சேதி சொல்ல வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. நான்கு நாட்டு மொழிகளிலும் எழுதி, நான்கு முத்திரையும் ஒரே வரிசையில் வைத்துவிட்டார்கள். அதற்குப் போதோம்சாய் ஒப்பந்தம் என்று பேர் வைத்திருக்கிறார்கள். விழாவில் முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். உன் இயக்குநர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். பொய்யழுகை இல்லை என்றுதான் நினைக்கிறேன். இனி பத்து நாளுக்கொரு முறை, பழைய காலம் போல, கணக்கு தவறாமல் வந்துவிடும் என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார்.

முதல் கணக்கு நேற்று வந்தது. நல்ல தடித்த தாள், உன் நாற்காலியில் இருக்கும் அந்த இளைஞனின் கையெழுத்து, சிவப்பு முத்திரை. இந்த முறை நிஜமாகவே ஏறிப் பார்த்திருக்கிறான்.

ஆய்-கோல் ஏரி. நீர்மட்டம்: இல்லை. கசிவு: இல்லை. அபாயம்: இல்லை.

கீழே, தகவல் கிடைத்தது என்று ஒரு கோடு போட்டிருந்தது. அதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

எர்காஷ்